கிளாரினெட்டில் உச்ச சுரத்தை மென்மையாக வாசிக்க: கேள்வி பதில்

(விரல் பிடிப்பு எல்லாம் பி-ஃபிளாட் கிளாரினெட், போஹம் முறைக்கு (இன்று பரவலாக உள்ள சாவி அமைப்பு). சுரப் பெயர்கள் நோட்ஸில் எழுதியிருக்கிறபடி.)

அண்ணா, மேல் சி-யைத் தாண்டினால் சத்தமாகத்தான் வருகிறது. சத்தத்தைக் குறைத்தால் கீச்சிடுகிறது, இல்லையென்றால் கீழ்ச் சுரத்துக்கு விழுந்துவிடுகிறது. ஏன்?

சத்தத்தோடு சேர்த்து மூச்சின் வேகத்தையும் குறைத்துவிடுகிறீர்கள். காற்றின் அளவு குறையலாம், வேகம் குறையக் கூடாது. வயிற்றுப் பிடியை விடாமல், 'ஈ' என்று சொல்வதுபோல நாக்கின் பின்பகுதியை உயர்த்தி வையுங்கள். வேகம் விழுந்தால் தாடை உதவிக்கு வந்து ரீடைக் (மவுத்பீஸில் கட்டியிருக்கும், அதிரும் நாணல் பட்டை) கடிக்கும். ரீட் அதிர இடமில்லாமல் போகும்போதுதான் கீச்.

இதைச் செய்து பாருங்கள். கீழ் ஏ-யை அடக்கமாக ஊதுங்கள். மற்ற விரல்களை மாற்றாமல் ரெஜிஸ்டர் கீயை (இடது கட்டைவிரலுக்கு மேலுள்ள சாவி) மட்டும் திறந்தால் ஈ வரும். அடுத்து இடது ஆள்காட்டி விரலை எடுத்தால் மேல் சி-ஷார்ப். கிளாரினெட் ஒரு முனை மூடிய குழல்போல நடந்துகொள்வதால் அடிச்சுரத்தின் 3 மடங்கு, 5 மடங்கு அதிர்வுகள் இப்படிக் கிடைக்கின்றன. மூன்றும் ஒரே மூச்சில், ஒரே சத்தத்தில் வர வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்யுங்கள், முகவாய் அசைந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஆள்காட்டி விரலை முழுக்கத் தூக்காமல் பாதித் துளை திறக்கும்படி உருட்டினால் இணைப்பு இன்னும் வழுக்கிக்கொண்டு வரும்.

இது மூன்றும் சேரும்வரை மேலே போக அவசரப்படாதீர்கள். சேர்ந்த பிறகு பி-ஃபிளாட், பி, சி என்று அடிச்சுரத்தை அரை அரை சுரமாக ஏற்றுங்கள். மேலே டி, ஈ-ஃபிளாட், ஈ கிடைக்கும்.

அந்த டி, ஈ எல்லாம் எனக்குச் சுருதி குறைவாக இருக்கிறதே?

வலது சுண்டுவிரலால் ஈ-ஃபிளாட் கீயையும் சேர்த்து அழுத்துங்கள்.

2½ எண் ரீட் வைத்திருக்கிறேன் (எண் கூடினால் ரீட் கனம்). 3½ வாங்கினால் சரியாகுமா சார்?

ஒரேயடியாக அவ்வளவு ஏற வேண்டாம். மெலிந்த ரீட் கடித்தவுடன் மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கனமான ரீட், மெல்ல வாசிக்கும்போது வெறும் காற்றுச் சத்தமாகப் போய்விடும். முதலில் கடிப்பதை நிறுத்துங்கள், அப்புறம் 3 போட்டுப் பாருங்கள்.

மெல்ல வாசித்தால் ட்யூனரில் சுருதி ஏறுகிறது. புல்லாங்குழல் வாசிக்கும் நண்பருக்கோ இறங்குகிறது. கருவியில் கோளாறா?

இல்லை. கிளாரினெட்டின் இயல்பே அது. ஆனால் கடித்தால் அளவுக்கு மீறி ஏறும். மவுத்பீஸையும் பேரலையும் (மவுத்பீஸுக்கு அடுத்த சிறு குழாய்) மட்டும் சேர்த்து ஊதிப் பாருங்கள். ட்யூனர் எஃப்-ஷார்ப் காட்ட வேண்டும் (இது மட்டும் நோட்ஸ் பெயர் அல்ல, கேட்கும் உண்மைச் சுருதி), ஜி பக்கம் போனால் கடிக்கிறீர்கள். அதற்கு மருந்து: உட்கார்ந்து, கருவியின் அடியை முழங்காலில் தாங்கி, மேல் பல்லுக்கு அடியிலும் உதட்டை மடித்து வைத்துக் கொஞ்ச நேரம் வாசியுங்கள். கடித்தால் உதடு வலிக்கும், தாடை தானாக விட்டுவிடும்.

சுரத்தைத் தொடங்கும்போதே 'டக்' என்று கேட்கிறது.

நாக்கால் அடிக்கிறீர்கள். நாக்கு நுனியை ரீடில் லேசாக வைத்தபடி முதலில் மூச்சழுத்தத்தைக் கொண்டுவாருங்கள், பிறகு நாக்கை எடுங்கள், அவ்வளவுதான். நாக்கே இல்லாமல், மூச்சால் மட்டும் தொடங்கவும் பழகுங்கள். 1941-இல் போர்க் கைதிகள் முகாமில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட, பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் நால்வர் இசையில், கிளாரினெட் தனியாக ஒலிக்கும் மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். கேட்டும் கேட்காத ஒலியில் தொடங்கி, ஒரே நீண்ட சுரம் முழு பலத்துக்கு வளர்கிறது. இந்தப் பயிற்சிக்கு அதைவிட நல்ல இலக்கு எனக்குத் தெரியாது.

ஐயா, நான் கர்நாடக இசை வாசிப்பவன். தார ஸ்தாயியில் கமகம் முரட்டுத்தனமாக வருகிறது.

மேல் ஸ்தாயியில் நாக்கையும் தொண்டையையும் தளர்த்திச் சுரத்தை நன்றாகவே கீழே இழுக்கலாம், மேலே தள்ளத்தான் முடியாது. அதனால் இறங்கும் அசைவை வாயால் செய்யுங்கள். ஏறும் அசைவுக்கு விரலைத் துளையிலிருந்து படிப்படியாக உருட்டி எடுங்கள். கர்நாடக இசைக் கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜனின் ஒலிப்பதிவுகளில் ஓர் ஆலாபனையை எடுத்துக்கொண்டு, தார ஸ்தாயிப் பிடிகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிறகு அதில் ஒரே ஒரு பிடியை, பாதி வேகத்தில், தம்புரா மூழ்கிப்போகாத சத்தத்தில் வாசித்துப் பாருங்கள்.