வாசகர் கேள்வி-பதில்: விட்ட இடமும் தங்கிய இடமும்

கேள்வி: வேறிடத்தில் பிடித்துக் கொண்டுபோய் விடப்பட்ட சில நூறு கடல் நீர்நாய்கள் இன்று ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டதாகப் படித்தேன். விட்ட இடத்திலேயே அவை தங்கிவிடுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெருகியது உண்மைதான், ஆனால் விடப்பட்டவற்றில் தங்கியவை குறைவு. 1741 முதல் மென்மயிர்த் தோலுக்காக நடந்த வேட்டையில் பசிபிக்கின் வடகரைகள் காலியாகி, 1911 உடன்படிக்கை வேட்டைக்குத் தடை விதித்தபோது எஞ்சியவை ஓரிரண்டாயிரம் மட்டுமே. மறுகுடியேற்றத்துக்கு வழி திறந்தது எதிர்பாராத ஒன்று. அலூஷியன் தீவுகளில் ஒன்றான அம்சிட்காவில் அமெரிக்கா நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளுக்கு ஆயத்தமானபோது, அங்கிருந்த நீர்நாய்களில் ஒரு பகுதியை வேறு கரைகளுக்கு மாற்ற அணுசக்தி ஆணையமே பணம் தந்தது. (1971இன் பெரிய வெடிப்பில், இடம் மாற்றப்படாத நூற்றுக்கணக்கானவை மாண்டன.)

தென்கிழக்கு அலாஸ்காவில் விடப்பட்ட சுமார் 400 நீர்நாய்களின் வழிவந்தவை இன்று இருபதாயிரத்துக்கு மேல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 89 விடப்பட்டன. இன்று எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1970, 1971 ஆண்டுகளில் விடப்பட்ட 93இல், பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. கலிபோர்னியக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளியுள்ள சான் நிக்கோலஸ் தீவுக்கு 1987 முதல் 140 நீர்நாய்களைக் கொண்டுபோனார்கள். அவற்றில் பல திறந்த கடலை நீந்திக் கடந்து, தாம் பிடிபட்ட கரைப்பக்கமே திரும்பின. சில ஆண்டுகளில் தீவில் மிஞ்சியவை இருபதுக்கும் குறைவு. அந்தச் சிறு கூட்டந்தான் பின்னர் நூறைத் தாண்டியது. ஆகவே எத்தனை விட்டார்கள் என்ற எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை பெண் நீர்நாய்கள் அங்கேயே குட்டி போட்டன என்பதே கணக்கு.

வாஷிங்டன் மாநிலத்து அனுபவம் இதில் பெரிய பாடம். நம் காவிரி நீர்நாயின் உறவான இந்த விலங்குக்குத் திமிங்கிலத்தைப்போல் தோலடிக் கொழுப்பு கிடையாது. குளிரைத் தடுப்பது, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள் அடர்ந்த தோலும், அதற்குள் அது ஓயாமல் நீவி நீவி அடக்கிவைக்கும் காற்றும்தான். பயணப் பெட்டியில் தன் கழிவிலேயே புரண்டு மயிர் அழுக்கேறிவிட்டால் தண்ணீர் நேரே தோலைத் தொடும். 1969இல் 29 நீர்நாய்களை வந்த வேகத்தில் கடலில் விட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் பாதியளவு செத்துக் கரை ஒதுங்கின. அடுத்த ஆண்டு வந்த 30ஐ முதலில் மிதவைக் கூண்டுகளில் இருத்தி, மயிரை அவையே சீர்செய்துகொண்ட பிறகு திறந்துவிட்டார்கள். 2019இல் அங்கே ஏறத்தாழ 2,800 இருந்தன.

கேள்வி: இவ்வளவு பெருகியும் கரை முழுதும் பரவாதது ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தாய் ஒரு பேற்றில் பெரும்பாலும் ஒரே குட்டியை ஈன்று, மல்லாந்து மிதக்கும் தன் வயிற்றின்மீதே அதைக் கிடத்தி ஆறு மாதம்போல் வளர்க்கிறது, பழகிய சில கிலோமீட்டர்க் கரையை விட்டு எளிதில் அகலுவதில்லை. எல்லையைத் தாண்டிப் போகிறவை பெரும்பாலும் ஆண்களே. கலிபோர்னியாவில் சுமார் 3,000 இருந்தும், அவை வாழும் கரைப்பகுதி பல ஆண்டுகளாக நீளவில்லை. அதன் இரு முனைகளிலும் வெள்ளைச் சுறா கடிக்கிறது. தின்பதுகூட இல்லை, கடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஒளிந்துகொள்ளக் கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடு இல்லாத இடங்களில் இந்தச் சாவு அதிகம்.

கேள்வி: மீனவர்கள் இவற்றை வரவேற்கிறார்களா?
– வாசகர், காரைக்கால்

பதில்: எல்லோரும் இல்லை; அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. நாளொன்றுக்குத் தன் எடையில் கால் பங்கை உண்ணும் விலங்கு இது. மார்பின்மீது கல்லை வைத்து மட்டியை அதில் அடித்து உடைத்துத் தின்னும் காட்சி படகுச் சுற்றுலாக்காரருக்கு வேடிக்கை. தென்கிழக்கு அலாஸ்காவில் நண்டுக்கூடு வைப்பவருக்கும் கடல் அட்டைக்காக மூழ்குபவருக்கும் அது தம் வருமானம் போகும் காட்சி. வேட்டையாட அலாஸ்காப் பழங்குடியினருக்கு மட்டுமே சட்டம் இடந்தருகிறது.

மறுபுறம், கெல்ப்பை மேயும் முள்ளுடல் உயிரிகளான கடல் முள்ளெலிகளை நீர்நாய் தின்பதால், அவை மொட்டையடித்த பாறைகளில் கெல்ப் காடு மீள்கிறது. அதில் மீன் வளர்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆய்வு, நண்டு, மட்டித் தொழிலின் இழப்பை ஆண்டுக்கு 70 லட்சம் கனடா டாலர் அளவிலும், மீன், சுற்றுலா, கரிமச் சேமிப்பு வழியான ஆதாயத்தை 5 கோடி டாலருக்கு மேலும் கணக்கிட்டது. ஆனால் இழப்பவர் வேறு, ஆதாயம் பெறுபவர் வேறு என்பதை எந்தக் கூட்டல் கணக்கும் சரிசெய்வதில்லை. ஓரிகனில் மீண்டும் விடுவது சாத்தியமே என்று 2022இல் அமெரிக்க அரசின் மதிப்பீடு சொன்ன பிறகும் பேச்சு நீள்வதற்கு இது முக்கியக் காரணம். அந்தக் கரையில் அவ்வப்போது தனி நீர்நாய் ஒன்று தென்படுவதுண்டு. குட்டியைச் சுமந்த பெண் ஒன்று அங்கேயே தங்கினால்தான் குடியேற்றம் என்ற பேச்சே எழும்.