கேள்வி – பதில்: சிரிக்கச் சொன்னால் போதுமா?

கேள்வி: ஏற்காட்டில் 6 அறை உள்ள விடுதி நடத்துகிறேன். கோடை சீசனில், வரவேற்பில் இருக்கும் பெண் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று குறை வருகிறது. ‘சிரித்த முகமாக இரும்மா’ என்று பலமுறை சொல்லிவிட்டேன். பயிற்சிக்கு அனுப்பலாமா?

பதில்: பயிற்சி அப்புறம். விருந்தினருக்கு எந்த நேரத்தில் கோபம் வெடிக்கிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். அநேகமாக 11 மணியிலிருந்து 1.30-க்குள் இருக்கும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, குழந்தை வழியில் வாந்தியெடுத்து, வந்து இறங்கினால் ‘ரூம் இன்னும் ரெடியாகலைங்க’. அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

வேலைக்காக முகபாவத்தைக் காப்பதும் உழைப்புதான் என்று 1983-ல் விளக்கியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட். ‘உணர்வு உழைப்பு’ என்று அதற்குப் பெயர். மனத்தில் இல்லாததை முகத்தில் காட்டிக்கொண்டே இருப்பவர் சாயங்காலத்துக்குள் வற்றிப்போவார். அதிலும் உங்கள் பணியாளர் கையில் எந்த முடிவும் இல்லை. அறை எப்போது கிடைக்கும் என்று தெரியாது, எதையும் தர அதிகாரம் கிடையாது. திட்டு மட்டும் அவருக்கு.

விருந்தினர் சேலத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அறை கிடைக்கும் நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். 1 மணிக்கு ஆகும் என்றால் 1.20 என்று சொல்லுங்கள். காத்திருப்பவர்கள் முகம் கழுவ ஒரு குளியலறையைத் திறந்து வையுங்கள், இஞ்சி டீ கொடுங்கள். அறைக்கு 300 ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே செலவு செய்யும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கட்டும். ராத்திரி கணக்குப் பார்க்கும்போது ‘இதெல்லாம் எதுக்குக் கொடுத்தே?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போச்சு, மறுநாளே எல்லாவற்றுக்கும் உங்களுக்கு போன் வரும். எடுத்த எடுப்பில் தள்ளுபடி பேசவும் வேண்டாம். குறையைக் கேட்காமல் காசை நீட்டினால் வாயை அடைப்பதாகத்தான் தோன்றும்.

சமையல்காரர், அறை சுத்தம் செய்பவர், டிரைவர் எல்லோரையும் 15 நிமிடம் உட்காரவைத்து இரண்டே விஷயத்தில் உடன்படுங்கள்: ஆகாத அறையை ஆயிற்று என்று சொல்வதில்லை, விருந்தினர் எதிரில் யாரையும் திட்டுவதில்லை. இரண்டாவது முதலாளிக்குத்தான் கஷ்டம். சுவரில் போர்டு எழுதி மாட்டுவதெல்லாம் வீண் செலவு.

கேள்வி: சேலத்தில் தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்தது) கடை. மாலைக் கூட்டத்தில் தினமும் சண்டை. இன்னொரு ஆள் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சண்டை தாமதத்துக்கு அல்ல, பின்னால் வந்தவர் முன்னால் வாங்கிப்போவதற்கு. நியாயமில்லாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தெரியும் என்று 1985-லேயே எழுதினார் மேலாண்மை நிபுணர் டேவிட் மைஸ்டர். எண் போட்ட டோக்கன் கொடுங்கள். 10 செட் பார்சலை ஒரே மூச்சில் கட்டாமல், 5 முடிந்ததும் நின்று சாப்பிடுகிற இரண்டு பேருக்குப் போடுங்கள். தெரிந்தவர் யாராவது மற்றவர்கள் தலைக்கு மேல் கையை நீட்டினால் அவருக்கும் டோக்கன்தான். முறைப்பார். காரச் சட்னியைத் தாராளமாகத் தடவிக் கொடுங்கள். வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.