கரியும் எண்ணெயும் வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கு: வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: மீர்பேங்கில் நாங்கள் எட்டுப் பேர், பள்ளி இறுதி வகுப்பு. பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டும் நின்றுவிட்டன என்கிறார்கள். ஆனால் ராத்திரியில் இன்னும் நெடி அடிக்கிறது. புகார் சொன்னால் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறார்கள். ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது?
– மாணவி, மீர்பேங்க்

பதில்: நின்றது உண்மை. எஞ்சன் (Engen) நிறுவனத்தின் ஆலை 2020 டிசம்பர் 4-ந் தேதி காலை வெடித்துத் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு அங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை. அதை எண்ணெய்க் கிடங்காக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். இன்னொரு ஆலையான சாப்ரெஃப் 2022 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது, அதே ஆண்டு ஏப்ரல் வெள்ளத்தில் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. 2024-ல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் அதை ஒரே ஒரு ராண்டுக்கு வாங்கியது. அரசு ஒரு ஆலையை வாங்கிப் பூட்டி வைக்காது. ஆகவே "மூடியாச்சே" என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தவிர, சேமிப்புத் தொட்டியும் லாரியில் ஏற்றும் இடமும் இருக்கிறவரை ஆவி கசிந்துகொண்டுதான் இருக்கும்.

முதலில் வேண்டியது ஒரு நோட்டு. தேதி, நெடி தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், எந்தத் தெரு எந்த முனை, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு கடுமை, யாருக்கு இருமல், யாருக்குத் தலைவலி, புகார் சொன்னீர்களா, சொன்னால் புகார் எண் என்ன: இவ்வளவும் ஒரே வரியில் வரட்டும். நெடியின் வகையைக் கட்டாயம் எழுதுங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. தீக்குச்சி கிழித்ததும் மூக்கில் ஏறுகிற காரம் என்றால் சல்ஃபர் டை ஆக்சைடு. பெட்ரோல் பங்க் வாடை என்றால் ஹைட்ரோகார்பன். இதைக் கேட்டாலே எந்த இடத்தைச் சோதிக்க வேண்டும் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

காற்றின் திசையை விட்டுவிட்டால் நோட்டு பாதிதான். டர்பன் கடற்கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் அடிக்கும். தென்மேற்குக் காற்று அடித்த இரவுகளில் மட்டும் நெடி வந்தது என்று மூன்று மாத நோட்டு காட்டினால், எந்தப் பக்கத்து வேலி என்பது தானாகத் தெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடுதல் கவனம் வேண்டும். குளிர்கால விடியலில் தரையோடு ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் படுத்துக்கொள்ளும். புகை மேலே ஏற முடியாமல் வீடுகளுக்குள் நுழையும்.

அடுத்தது காற்று மாதிரி பிடிக்கும் வாளி. தென் டர்பன் மக்கள் முன்பே கையாண்ட முறைதான். இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி, காற்றுப் புகாத மூடி, உள்ளே டெட்லார் பை (காற்று மாதிரி பிடிக்கும் பிளாஸ்டிக் பை), மூடி வழியாக வெளியே வரும் ஒரு குழாய், வால்வு, சின்ன வேக்யூம் பம்ப். பம்ப் பையில் காற்றை அடைப்பதில்லை. வாளிக்குள் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சும். வாளியில் அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று குழாய் வழியே வந்து பையை நிரப்பும். பம்பின் எண்ணெயும் தூசியும் மாதிரியில் கலக்காமல் இருப்பது இதனால்தான். இரண்டு மூன்று நிமிடத்தில் பை நிரம்பிவிடும்.

தவறு நடப்பதெல்லாம் அதற்குப் பிறகு. பையை வெயிலிலோ காரின் பின்பெட்டியிலோ வைத்தால் மாதிரி கெட்டுவிடும். ஹைட்ரோகார்பன் மாதிரியை மூன்று நாளுக்குள்ளும் சல்ஃபர் மாதிரியை ஒரே நாளுக்குள்ளும் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்; வெள்ளிக்கிழமை ராத்திரி எடுத்தால் திங்கள் வரை யார் வாங்குவார்கள்? ஆய்வகத்தோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பை யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்ற கையெழுத்துத் தாள் கூடவே போகட்டும். அது இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மாதிரியை ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார்.

இன்னொரு தவறு கணக்கில் நடப்பது. ஹைட்ரோகார்பன்களில் ஒன்றான பென்சீனுக்கு நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அது ஆண்டுச் சராசரி. மூன்று நிமிட மாதிரியில் 50 வந்தால் "வரம்பைப் போல் பத்து மடங்கு" என்று பதாகை எழுதாதீர்கள். "அந்த நேரத்தில் இவ்வளவு இருந்தது, தொடர்ந்து அளக்க வேண்டும்" என்று எழுதுங்கள். மலிவு விலை நுண்துகள் கருவி வாங்கினாலும் இப்படித்தான்: டர்பனின் ஈரக்காற்றில் அது கூட்டிக் காட்டும். மாநகராட்சியின் காற்று அளக்கும் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் வைத்து, வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பி.எம். 2.5 என்கிற நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியில் நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 15. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆஸ்துமா என்று 2000-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது உங்கள் பேட்டையில்தான். தாய்மார்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சொல்லிவந்தார்கள். எண்ணாக வந்த பிறகுதான் அது செய்தியானது.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. நிலக்கரிக்கு எதிராக ஊர்வலம் போகப் போகிறேன், நான்தான் அமைப்பாளர் என்கிறான். போலீஸ் அனுமதி வேண்டாமா? பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, சட்டம் கேட்பது அனுமதியை அல்ல, முன்னறிவிப்பை. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு எல்லோருக்கும் தருகிறது. உங்கள் மகனுக்கும்தான். 1993-ஆம் ஆண்டின் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடினால் மாநகராட்சிப் பொறுப்பு அதிகாரிக்கு ஏழு நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 15 பேர் வரை என்றால் அதுவும் தேவையில்லை. பதாகையோடு 15 பேர் நிற்கும்போது வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டால் எண்ணிக்கை மாறிவிடும். அதை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அறிவிப்பில் அமைப்பாளர், துணை அமைப்பாளர் பெயரும் தொலைபேசியும், நோக்கம், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், ஒழுங்கு பார்க்கும் தொண்டர்களின் பெயர், கூடும் இடம், போகும் பாதை, கலையும் இடம், மனு கொடுப்பதாக இருந்தால் யாரிடம் எங்கே என்பதெல்லாம் இருக்க வேண்டும். நகலில் முத்திரையும் நேரமும் வாங்காமல் திரும்பாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் அதிகாரி பேச்சுக்கு அழைக்காவிட்டால் அறிவிப்பில் உள்ளபடியே ஊர்வலம் போகலாம். 48 மணி நேரத்துக்கும் குறைவாகக் கொடுத்தால் தடை செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். வாட்ஸ்ஆப்பில் தேதி முடிவாகிவிடும், கடிதம் எழுத ஆள் இருக்காது.

அறிவிப்புக் கொடுக்காததையே குற்றமாக்கிய பிரிவை அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 நவம்பரில் நீக்கிவிட்டது. ஆனால் ஊர்வலத்தில் கலவரச் சேதம் நேர்ந்தால், நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்ததாக நிரூபிக்காத அமைப்பாளர் பணம் கட்ட நேரும். அதனால் தம்பி பேசட்டும், வழி நடத்தட்டும். அமைப்பாளர் என்ற கையெழுத்தை வயது வந்த ஒருவரோ பதிவு பெற்ற சங்கமோ போடட்டும். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் வையுங்கள். காவடித் திருவிழாவில் வருஷா வருஷம் சாலையில் கூட்டத்தை நடத்துகிற அண்ணன்மார் உங்கள் கோவிலிலேயே இருப்பார்கள். அவர்களை விடக் கைதேர்ந்தவர் கிடைக்க மாட்டார்கள், போய்க் கேளுங்கள்.

கேள்வி: படிக்கிற பிள்ளைகளுக்கு இது வேலையா? அவர்கள் சொல்லி அரசு கேட்கப் போகிறதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கேட்க வைத்திருக்கிறார்கள், ஐயா. புதிதாக 1,500 மெகாவாட் நிலக்கரி மின்சாரம் சேர்க்கும் அரசின் திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் இளைஞர்களின் ஆப்பிரிக்கன் கிளைமேட் அலையன்ஸும் ஒன்று. 2024 டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்றது. பிள்ளைகளுக்கு என்ன கேடு வரும் என்பதை அரசு எடை போடவே இல்லை என்பது தீர்ப்பின் முக்கியமான காரணம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பைப் புவி வெப்பம் ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மழையில் பள்ளிக்கூடத்தை இழந்த பிள்ளைகளுக்கு இது வேலைதான்.

கேள்வி: கடலில் எரிவாயு தேடும் திட்டத்துக்கு எதிராக இணையத்தில் 4,000 கையெழுத்துச் சேர்த்திருக்கிறோம். போதுமா?
– பல்கலைக்கழக மாணவர், ஃபீனிக்ஸ்

பதில்: போதாது. ஒரே வாசகத்தில் 4,000 கையெழுத்து வந்தாலும் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை எழுதும் ஆலோசகரின் கணக்கில் அது ஒரே ஒரு ஆட்சேபமாகத்தான் ஏறும். சுற்றுச்சூழல் ஒப்புதலுக்கான வரைவு அறிக்கையைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். முதல் நாளே மின்னஞ்சல் அனுப்பி "அக்கறையும் பாதிப்பும் உள்ள தரப்பு" என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தவருக்குத்தான் பிந்திய அறிக்கையும் முடிவும் மேல்முறையீட்டுக் கெடுவும் வந்து சேரும்.

பிறகு அறிக்கையை அத்தியாயம் அத்தியாயமாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மீன்வளம் படித்தவர் மீனைப் பற்றி, பொருளாதாரம் படித்தவர் வேலைக்கணக்கைப் பற்றி, பக்க எண் போட்டுக் கேள்வியாக எழுதட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஆலோசகர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். "எரிவாயு எடுத்த பின் அதை எரிப்பதால் வரும் வெப்பத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா?" என்ற கேள்வியை மறக்காதீர்கள்.

கிழக்குக் கேப் மாகாணத்தின் வைல்ட் கோஸ்ட் கடலில் ஷெல் நிறுவனத்தின் தேடல் உரிமையை மக்காண்டா உயர் நீதிமன்றம் 2022 செப்டம்பர் 1-ந் தேதி ரத்து செய்ததற்கு ஒரு பெரிய காரணம், கரையோர மக்களை முறைப்படி கலந்து பேசவில்லை என்பது. ஊர்த் தலைவர்களிடம் பேசினால் போதும் என்று இருந்துவிட்டார்கள். பத்திரிகை விளம்பரமும் அந்த மக்கள் படிக்கிற மொழியில் இல்லை. மேல்முறையீட்டில் 2024-ல் அந்த உரிமையைப் புதுப்பிக்கக் கேட்க வழி விட்டார்கள், ஆனால் கலந்தாலோசனையில் குறை இருந்தது என்ற முடிவு மாறவில்லை. ஆகவே உங்கள் கரையில் கூட்டம் எங்கே, எந்த நேரத்தில், எந்த மொழியில் நடந்தது, தூண்டில் மீனவர்களைக் கூப்பிட்டார்களா என்பதைப் படத்தோடு குறித்து வையுங்கள்.

கேள்வி: துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் போடலாமா?
– வாசகர், இசிபிங்கோ

பதில்: கோவில் பலகைக்குத் தமிழில் ஒன்று போடுங்கள். அச்சுச் செலவை ஆங்கிலத்துக்கும் ஜூலு மொழியான இசிஸூலுவுக்கும் வையுங்கள். அதே புகையைப் பக்கத்துப் பேட்டைகளான உம்லாசியும் வென்ட்வர்த்தும் சுவாசிக்கின்றன. அவர்கள் இல்லாத கூட்டத்தை அதிகாரிகள் சுலபமாக ஒதுக்கிவிடுவார்கள்.

கேள்வி: என் கணவர் எண்ணெய்க் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளி. மூடு, மூடு என்கிறீர்கள். நாங்கள் எங்கே போவது?
– குடும்பத் தலைவி, கிளேர்வுட்

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்த இயக்கத்துக்கும் உங்கள் தெருவில் நிற்க உரிமை இல்லை. ம்புமலங்கா மாகாணத்தில் கோமாட்டி அனல்மின் நிலையம் 2022 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டது. பயிற்சி, சூரிய மின்சாரம் என்று சொன்னதெல்லாம் மெல்ல வந்தது. வேலை போனது உடனே. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் நிரந்தர ஊழியர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தக்காரர்களின் ஆட்களும், அவர்களை நம்பிக் கடை வைத்தவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள்.

ஆகவே மனு எழுதும் இளைஞர்கள் இவற்றைக் கோரிக்கையாகவே சேர்க்க வேண்டும்: மூடும் தேதிக்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும், பின்பு அல்ல. ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர்ப்பட்டியலை இப்போதே எடுக்க வேண்டும். மூடிய பிறகு ஒப்பந்தக்காரரைத் தேடிப் பிடிக்க முடியாது. தொட்டிகளைப் பிரிப்பதும் எண்ணெய் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்வதும் பல ஆண்டு வேலை. அதில் முதல் உரிமை அங்கே உழைத்தவர்களுக்கு. உங்கள் கணவரின் சம்பளச் சீட்டு, வேலை அட்டை, பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், அம்மா.

கேள்வி: பக்கத்து ஆலையின் காற்று மாசு உரிமத்தைப் பார்க்க வேண்டும். தர மறுக்கிறார்கள்.
– இளைஞர் குழு, மீர்பேங்க்

பதில்: வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்துங்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி 2-ஆம் எண் படிவத்தை நிரப்பி மாநகராட்சியின் தகவல் அதிகாரிக்கு அனுப்புங்கள். கட்டணம் 140 ராண்டு. "மாசு பற்றிய எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். "இன்ன முகவரியில் உள்ள ஆலையின் நடப்பு வளிமண்டல உமிழ்வு உரிமம், அதன் இணைப்புகள், கடந்த இரண்டு ஆண்டு உமிழ்வு அறிக்கை" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். அன்றிலிருந்து 60 நாளுக்குள் உள் மேல்முறையீடு, அதிலும் கிடைக்காவிட்டால் தகவல் ஒழுங்காணையத்தில் புகார். உரிமம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. புதுப்பிக்க விண்ணப்பிக்கும்போது பத்திரிகையில் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைப் பிடிக்கும் பொறுப்பை உங்கள் குழுவில் ஒருவருக்கு இன்றே கொடுத்துவிடுங்கள்.