வாசகர் கேள்வி – பதில்: பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை

2025 அக்டோபர் 17 முதல் நவம்பர் 8 வரை மொராக்கோவில் நடைபெற்ற, 17 வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைப் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இங்கே விடை தருகிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டோம்.

கேள்வி: பெரியவர்களுக்கான மகளிர் உலகக் கோப்பை இருக்கும்போது சிறுமிகளுக்கெனத் தனியாக ஒன்று எதற்கு? அதையும் ஆண்டுதோறும் நடத்தப்போவதாகச் சொல்கிறார்களே, ஏன்? – பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, முதலில் 2002இல் கனடாவில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஓர் உலகப் போட்டியை நடத்தியது. 2006 முதல் அது 20 வயதுக்குட்பட்டோருக்கான போட்டியாக மாறியது. அதற்கும் கீழே, 17 வயது வரம்புடன் கூடிய போட்டி 2008இல் நியூசிலாந்தில் 16 அணிகளுடன் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நாடு மாறி நாடு நடந்துவந்தது. 2025 முதல் அது 24 அணிகள் ஆடும் ஆண்டுப் போட்டியாகிவிட்டது. 2029 வரையிலான ஐந்து போட்டிகளையும் மொராக்கோவே நடத்துகிறது.

ஆண்டுதோறும் நடத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்ற பழைய ஏற்பாட்டில், 2005இல் பிறந்த பெண் 2022 போட்டியில் தன் பதினேழாவது ஆண்டில், முழு வளர்ச்சியுடன் ஆட முடிந்தது. 2006இல் பிறந்தவளோ 2022இல் தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு மோதி இடம்பிடித்தாக வேண்டும். 2024 வருவதற்குள் அவள் வரம்பைத் தாண்டிவிடுவாள். பிறந்த ஆண்டு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதே ஒரு சிறுமியின் வாய்ப்பைத் தீர்மானித்த அந்த நிலை இப்போது நீங்கியிருக்கிறது. ஆனால் ஒரே நாட்டில் தொடர்ந்து ஐந்து முறை நடத்துவது எங்களுக்கு அவ்வளவாக உவப்பில்லை. அயல்நாட்டு அணிகள் தங்கள் ஊருக்கு வந்து ஆடுவதைப் பார்க்கும் பேறு பிற நாட்டுச் சிறுமிகளுக்கு இல்லாமல் போகிறது.

கேள்வி: என் மகள் 2008 டிசம்பரில் பிறந்தவள். 17 வயது முடிந்தவுடன் தகுதி போய்விடுமா? – திருவையாறு வாசகர்

பிறந்த நாளை வைத்து அல்ல, பிறந்த ஆண்டை வைத்தே கணக்கிடுகிறார்கள். 2025 போட்டிக்கு 2008 ஜனவரி 1 முதல் 2010 டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் தகுதியானவர்கள். 2026 போட்டிக்கு 2009 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்திருக்க வேண்டும். ஆகவே 2008 டிசம்பரில் பிறந்த உங்கள் மகள் சில நாள் வேறுபாட்டில் இந்த வரம்பைத் தவறவிடுகிறார். 20 வயதுக்குட்பட்டோர் பிரிவு அவருக்கு இன்னும் திறந்திருக்கிறது.

இதில் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் நிற்கும்போது, பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பதினொரு மாத வளர்ச்சி பெரிய வேறுபாடு. உயரமும் வேகமும் கொண்டவளைத் தேர்வுசெய்து, கால்நுட்பம் தெரிந்த சிறியவளை வீட்டுக்கு அனுப்பிவிடும் பழக்கம் உலகெங்கும் உள்ளது. நம் மாவட்டத் தேர்வுகள் மட்டும் விலக்காக இருக்க முடியாது.

கேள்வி: 2022இல் நம் நாட்டிலேயே போட்டி நடந்தும் எட்டு கோல் வாங்கித் தோற்றோம். அவ்வளவு செலவும் ஆரவாரமும் வீண்தானே? – மன்னார்குடி வாசகர்

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். புவனேசுவரம் கலிங்கா அரங்கில் 2022 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவிடம் 0–8, 14 அன்று மொராக்கோவிடம் 0–3, 17 அன்று பிரேசிலிடம் 0–5 என இந்தியா மூன்று ஆட்டங்களையும் இழந்தது. மொத்தம் 16 கோல்கள் வாங்கி, ஒன்றுகூட அடிக்கவில்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச்சுற்று ஆடாமலே கிடைத்த இடம் அது. முதலில் 2020இல் நடக்கவேண்டியிருந்த போட்டி, பெருந்தொற்றால் 2021க்குத் தள்ளிப்போய்ப் பின்னர் ரத்தாயிற்று. அதற்காக முகாம்களில் தயாரான பெண்கள் ஆடாமலேயே வயது வரம்பைக் கடந்துவிட்டார்கள். 2022க்குப் புதிய அணியைத் திரட்டிய நிலையில், ஆகஸ்ட் நடுவில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தையே ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. 26ஆம் தேதிதான் தடை நீங்கியது. அதுவரை போட்டி இங்கே நடக்குமா என்பதே ஐயமாக இருந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் இத்தனையையும் சுமந்துகொண்டு களத்துக்குள் வந்தார்கள் என்பதை மறந்துவிட்டு எட்டு கோலை மட்டும் நினைவில் வைப்பது நேர்மையாகாது.

பலரும் அமெரிக்காவோடு நம்மை ஒப்பிட்டு வருந்துகிறார்கள். கல்விக்கூடங்களில் பால் வேறுபாட்டை விலக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளி, கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஆடிவரும் நாடு அது. அங்கே எட்டு கோல் வித்தியாசம் வியப்புக்குரியதன்று. நாம் உற்றுப்பார்க்க வேண்டியது அதே பிரிவில் இருந்த மொராக்கோவை. அவர்களுக்கும் 2022தான் இந்த வயதுப்பிரிவில் முதல் உலகக் கோப்பை; நம்மை வென்றதே அதில் அவர்கள் பெற்ற முதல் வெற்றி. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர்கள் மகளிர் லீக்கை இரண்டு அடுக்குகளாகப் பிரித்துத் தொழில்முறையாக்கியிருந்தார்கள். அதே 2022இல் ஆப்பிரிக்க மகளிர் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டிய மூத்தோர் அணி, 2023இல் தன் முதல் உலகக் கோப்பையிலேயே குழுச்சுற்றைத் தாண்டிய பதினாறு அணிகளுள் ஒன்றானது. உள்ளூரில் வாரந்தோறும் ஆட்டம் இருந்ததால் போட்டி வந்தபோது பயன்படுத்திக்கொண்டார்கள். நமக்கோ போட்டி முதலில் வந்தது. வாரந்தோறும் ஆட வேண்டிய ஆட்டங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

வீண் என்று ஒரேயடியாகச் சொல்லவும் மாட்டோம். அந்த 21 பேர் அணியில் தலைவி அஸ்தம் ஒராவ்ன் உட்பட ஆறு பேர் ஜார்க்கண்ட் மாநிலத்தவர்கள். தலைவி கும்லா மாவட்டத்துக் கிராமப் பெண். பெருநகர வசதிகள் இல்லாத ஊர்களிலிருந்து நாட்டின் அணிக்கு வர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2025இல் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன: ஜூலையில் மூத்தோர் அணி தாய்லாந்தை 2–1 என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றது, ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டோர் அணி மியான்மரை 1–0 என வென்றது, அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் அணி கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் உஸ்பெகிஸ்தானை 2–1 என வென்றது. மூன்றும் அந்தந்த வயதுக்கான ஆசியக் கோப்பையில் களத்தில் ஆடிப் பெற்ற இடங்கள்.

கேள்வி: வடகொரியா எப்படி இத்தனை முறை வெல்கிறது? – மயிலாடுதுறை கல்லூரி மாணவி

2008, 2016, 2024, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளில் இந்தக் கோப்பையை வடகொரியா வென்றிருக்கிறது. 2012 இறுதியாட்டத்தில் பிரான்ஸிடம் பெனால்டியில் இழந்தது. 2025 இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 3–0 என வென்றது. 20 வயதுக்குட்பட்டோர் கோப்பையையும் 2006, 2016, 2024 ஆண்டுகளில் வென்றிருக்கிறது. சிறு வயதிலேயே பிள்ளைகளை அரசு தேர்ந்தெடுத்து, பியோங்யாங்கில் 2013இல் தொடங்கப்பட்ட கால்பந்துப் பள்ளியைப் போன்ற உறைவிடப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஒன்றாகவே ஆடவைக்கிறது. மற்ற நாட்டு அணிகள் முகாமுக்கு முகாம் கூடிப் பிரிகையில், இவர்கள் ஒருவர் ஓட்டத்தை மற்றவர் கண்மூடிச் சொல்லும் அளவுக்குப் பழகியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த வழியை விரும்பத் தக்கதாக நாங்கள் கருதவில்லை. மூத்தோர் உலகக் கோப்பையில் அந்நாடு 2007இல் காலிறுதியைத் தொட்டதோடு சரி; 2011 போட்டியில் வீராங்கனைகள் சிலர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் 2015 போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. ஸ்பெயினைப் பாருங்கள். 2018, 2022 ஆண்டுகளில் இக்கோப்பையை வென்ற அந்நாட்டின் பெண்கள் தங்கள் ஊர்க் கிளப்புகளில் வளர்ந்தவர்கள். 2018 அணியில் இருந்த சல்மா பரயுவேலோ, 2022இல் 20 வயதுக்குட்பட்டோர் கோப்பையையும், 2023இல் மூத்தோர் கோப்பையையும் வென்றார். 2022 இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் 0–1 எனத் தோற்ற கொலம்பியாவின் லிண்டா கைசெடோ, பதினைந்து வயதில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர். ஓராண்டுக்குள் மூன்று வயதுப்பிரிவு உலகக் கோப்பைகளிலும் ஆடிவிட்டார். இளையோர் கோப்பையைப் பார்க்கும்போது வென்ற நாட்டைவிட, அங்கிருந்து மேலே ஏறும் பெண் யார் என்று பார்ப்பதில்தான் எங்களுக்கு ஆர்வம்.

கேள்வி: கபடி தவிர வேறு விளையாட்டே தெரியாத எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் கால்பந்தில் மேலே போக வழி என்ன? – திருத்துறைப்பூண்டி வாசகர். நாங்கள் தமிழ்நாட்டு அணிக்கு ஆடலாமா? – காரைக்கால் வாசகி

கபடி ஆடும் பெண்ணிடம் கால் வலுவும் சட்டென்று திசைதிரும்பும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அதைக் குறையாக எண்ண வேண்டாம். பள்ளி அணி, முதலமைச்சர் கோப்பை, பள்ளிகளுக்கிடையே தேசிய அளவில் நடக்கும் சுப்ரதோ கோப்பையின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு என்பது ஒரு வழி. மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் பதிவுசெய்து, மாநில இளையோர் அணித் தேர்வில் கலந்து, தேசிய இளையோர் போட்டியில் ஆடி, அங்கே தேர்வாளர் கண்ணில் படுவது மற்றொன்று. இரண்டிலும் ஒரே நேரத்தில் கால்வைப்பது நல்லது. தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்திலோ மயிலாடுதுறை ராஜன் தோட்டத்திலோ விசாரித்தால் உங்கள் பகுதிப் பயிற்சியாளர் யார் என்பது தெரியும்.

தமிழ்நாட்டுப் பெண்கள் பின்தங்கியவர்கள் அல்லர். மணிப்பூரை வென்று 2018இலும், ஹரியாணாவை வென்று 2023இலும் தேசிய மகளிர் சாம்பியன் பட்டத்தை நம் மாநிலம் பெற்றது. மதுரையைச் சேர்ந்த சேது கிளப் 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூரிலிருந்து வந்தவர். அப்படியிருந்தும் 2022 உலகக் கோப்பை அணியில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் இல்லை என்றால், பதின்மூன்றுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட வயதில்தான் நாம் கோட்டைவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் குளமாகிவிடும் நம் பகுதியில், தை அறுவடைக்குப் பிறகு பங்குனி வரையாவது நான்கைந்து ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து வாரம் ஓர் ஆட்டம் நடத்தினால், ஆண்டுக்கு ஒரே ஒரு நாக் அவுட் (ஒரு முறை தோற்றால் வெளியேறும்) போட்டியில் தோற்று வீடு திரும்பும் நிலை மாறும்.

காரைக்கால் வாசகிக்கு: உங்கள் ஊர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது, புதுச்சேரிக்குத் தனிக் கால்பந்துச் சங்கம் உண்டு, பதிவும் தேர்வும் அதன் வழியே நடக்கும். போட்டி குறைவான இடத்தில் தேர்வாகும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

கேள்வி: இறுதியாட்டம் சமனானால் கூடுதல் நேரம் ஏன் தருவதில்லை? – பட்டுக்கோட்டை வாசகர்

ஆட்டம் பெரியவர்களுக்குப் போலவே 90 நிமிடம். நாக் அவுட் ஆட்டம் சமனானால் நேரே பெனால்டி. சில நாள் இடைவெளியில் மீண்டும் ஆட வேண்டிய வளரும் பிள்ளைகளின் களைப்பைக் கருதினால் அது சரியென்றே படுகிறது. 2016, 2024 இறுதியாட்டங்கள் அப்படித்தான் முடிந்தன.

கேள்வி: மகள் ஆசைப்படுகிறாள்; கால் முட்டி போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். – ஒரு தாய், வேதாரண்யம்

பயம் முழுக்கப் பொய்யன்று. முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவது, கால்பந்து ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நேர்கிறது. ஆனால் அதைக் குறைக்க வழி உண்டு. ஃபிஃபா வகுத்த 'லெவன் பிளஸ்' என்ற இருபது நிமிடத் தயார்ப்பயிற்சியை ஒவ்வொரு முறையும் ஆட்டத்துக்கு முன் ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் குறைகின்றன என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்டது. தாவி இறங்கும்போது முட்டி உள்ளே மடங்காமல் நிற்கப் பழக்குவதே அதன் முக்கியப் பகுதி. பயிற்சியாளர் அதைச் செய்விக்கிறாரா என்று கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் ஆடலாம்; வலியோ சோர்வோ மிகுந்தால் ஓய்வு கேட்க அவள் தயங்காத சூழல் இருக்க வேண்டும். அடிக்கடி மூச்சு வாங்குகிறது என்றால் அரசு மருத்துவமனையில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். அறுவடை முடிந்த வயலில் ஆடவிடுவதாக இருந்தால், வெடிப்புகளை மண்ணிட்டு மூடி, தாள்கட்டைகளை அகற்றிய பின்னரே விடுங்கள். அந்தக் காய்ந்த தரைக்கு நீண்ட ஸ்டட் (அடிப்பகுதிக் குமிழ்) வைத்த ஷூ ஆகாது, குட்டை ஸ்டட் உள்ளதை வாங்குங்கள்.