பிள்ளை தந்த 6 டொலர்

கேள்வி: பதினொரு வருடம் கனடாவில் இருந்துவிட்டு மானிப்பாய்க்கே திரும்பி வந்துவிட்டேன். என் ஐபோனின் அப்பிள் கணக்கில் 6 டொலர் 40 சதம் கிடக்கிறது. பிறந்தநாளுக்கு மகன் தந்த பரிசு அட்டையின் மிச்சம். கணக்கை இலங்கைக்கு மாற்றப் போனால், முதலில் மிச்சக் காசைச் செலவழிக்கச் சொல்கிறது. விளையாட்டு ஏதாவது வாங்கி வீணாக்க மனமில்லை. என்ன செய்யலாம் அக்கா?

பதில்: வீணாக்காதீர்கள் தம்பி. மகன் தந்த காசு, உங்களுக்குப் பயன்படுகிற ஒன்றாக மாறட்டும்.

மகளோடு ஸ்காபரோவில் இருந்துவிட்டுக் கொக்குவிலுக்கு வந்தபோது நானும் இதே இடத்தில்தான் மாட்டினேன். என் வங்கியின் செயலி அப்பிளின் இலங்கைச் செயலிக் கடையில் (App Store) மட்டும்தான் இருந்தது. கணக்கை மாற்றாமல் அதை இறக்க முடியாது. 3 டொலர் 18 சதம் மிச்சம் இருந்ததால் கணக்கை மாற்றவும் முடியாது. இரண்டு மாதம் கரண்ட் பில் கட்டக்கூட வெயிலில் போய் வரிசையில் நின்றேன்.

தங்கையின் பேத்தி வாய்ப்பாட்டுப் படிக்கிறாள். அவளை நினைத்து ஒரு தம்புரா செயலி வாங்கினேன். ஒரே தடவை காசு கட்டினால் போதும். விலை 3.99 டொலர். கணக்கில் கிடந்தது முதலில் கழிந்தது, மீதி 81 சதமும் வரியும் என் கனடா வங்கி அட்டையில் போயின. கணக்கில் ஒரு சதமும் மிஞ்சவில்லை. இப்போதும் பின்னேரங்களில் அவள் வந்து, என் போனை மடியில் வைத்துக்கொண்டு சுருதி சேர்த்துப் பாடுகிறாள்.

அதனால் நான் சொல்வது, மிச்சத்தை விடக் கொஞ்சம் விலை கூடிய ஒன்றைப் பாருங்கள். 4.99க்கு வாங்கினால் திரும்பவும் சில்லறை மிஞ்சும், திரும்பவும் வழி மறிக்கும். உங்கள் கனடா அட்டை இன்னும் வேலை செய்தால் 7, 8 டொலரில் நல்ல அகராதியோ, ஸ்கான் எடுக்கும் செயலியோ வாங்கலாம். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் போனிலேயே ஸ்கான் எடுத்து வைப்பது இங்கே எவ்வளவு உதவி என்பது போகப் போக விளங்கும். வாங்கும் முன், அதே செயலி இலங்கைக் கடையிலும் இருக்கிறதா என்று இங்குள்ள யாருடைய ஐபோனிலாவது பாருங்கள். புத்தகம் வாங்கினால், நாடு மாற்றும் முன்னரே போனில் இறக்கி வையுங்கள்.

மாதச் சந்தா மட்டும் வேண்டாம். படங்களைச் சேமிக்க ஐகிளவுட் 50 ஜிபி கனடாவில் மாதம் 1.29 டொலர், பார்க்க மலிவு. ஆனால் சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போது நாடு மாற்ற விடாது. நிறுத்திவிட்டு, கட்டிய காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது, அமைப்புகளுக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். வாங்கியதைக் குடும்பத்தோடு பகிரும் மகனின் குடும்பப் பகிர்வுக் குழுவில் (Family Sharing) நீங்கள் இருந்தால் அதுவும் தடையாகலாம், முதலில் அதிலிருந்து விலகுங்கள்.

அட்டை இல்லையென்றால் காசு போதுமான அளவுக்கு வாங்குங்கள். எதுவும் வாங்க முடியாத சில சதங்கள் மிஞ்சினால், அப்பிள் உதவிப் பிரிவோடு கதைத்து நீக்கச் சொல்லலாம். அதைக் கடைசி வழியாக வையுங்கள். நீக்கிய காசு கைக்கு வராது.

கேள்வி: லண்டனில் இருக்கும் மருமகன் கூகிள் பிளே பரிசு அட்டை இலக்கம் அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் என் போன் அதை ஏற்கவில்லை. காசு போய்விட்டதா?

பதில்: போகவில்லை அம்மா. பிரித்தானியாவில் வாங்கிய அட்டை அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். உங்கள் போன் ஏற்காததால் அட்டை இன்னும் செலவாகவில்லை. உங்கள் கணக்கின் நாட்டை மாற்ற முயல வேண்டாம். அதற்கு அந்த நாட்டில் இருக்க வேண்டும், அந்த நாட்டு வங்கி அட்டையும் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்றவும் விடும். மருமகனையே தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் ஏற்றும்வரை அந்த இலக்கத்தை வேறு யாருக்கும், “நான் மாற்றித் தருகிறேன்” என்று கேட்பவருக்கும்கூட, அனுப்பாதீர்கள். இலக்கம் யார் கையில் இருக்கிறதோ அவரே அதை ஏற்றிவிடலாம்.