வீட்டில் நானே பூட்டிய கொம்பியூட்டர் ஓன் ஆகவில்லை. மதர்போட் போய்விட்டது என்கிறார்கள், உண்மையா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பது இதுதான். சாமான்களைத் தனித்தனியே வாங்கி வீட்டில் தானே பூட்டியிருக்கிறார். பட்டனை அமத்தினால் ஃபான் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மொனிற்றரில் ஒன்றும் வரவில்லை. கடையில் காட்டியபோது மதர்போட், அதாவது மற்றச் சாமான்கள் எல்லாம் பூட்டப்படுகிற பெரிய தகடு, போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்களாம். யாழ்ப்பாணத்தில் வேறு யாரிடம் காட்டலாம் என்று கேட்கிறார்.

காட்டலாம். ஆனால் அதற்கு முதல் மதர்போட்டைக் கேசிங்கிலிருந்து (வெளிப் பெட்டி) கழற்றி வெளியே எடுத்து, மேசையில் வைத்து ஒருதரம் ஓன் பண்ணிப் பாருங்கள். அதைச் செய்து பார்க்காமல் போட் போய்விட்டது என்று யார் சொன்னாலும் புதிய போட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் இப்போது என்ன கதை நடக்கும் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற அண்ணாவோ மாமாவோ அனுப்பின காசாக இருக்கும். "கடையில பூட்டி வாங்கியிருந்தா இந்தக் கரைச்சல் வந்திருக்காது" என்று ஒருவராவது சொல்லியிருப்பார். உங்களுக்கும் நித்திரை வந்திராது. மனதைத் தளரவிடாதீர்கள். ஃபான் சுற்றி விளக்கும் எரிகிற ஒரு போட்டைச் சும்மா பார்த்துவிட்டுச் செத்துப்போனது என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

நான் கொம்பியூட்டர் படித்தவள் இல்லை. வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். கொக்குவிலில் வீட்டிலிருந்தே செய்கிறேன். படித்த ஆட்கள் நான் எழுதுவதில் பிழை கண்டால் தாராளமாகத் திருத்துங்கள். என் மேசையில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

2022 தொடக்கத்தில் என் பழைய மெஷின், பிளான் கீறுகிற ஆட்டோகாட்டில் ஒரு மாடி வீட்டுப் பிளானைத் திறந்தாலே அசையாமல் நிற்கத் தொடங்கிவிட்டது. கடையில் பூட்டித் தரக் கேட்ட விலை கட்டவில்லை. ரைசன் 5 3600 புரொசெசர் (கொம்பியூட்டரின் மூளை), பி450 போட், 8 ஜிபி றாம் (தற்காலிக நினைவகம்) இரண்டு, ஒரு மலிவான கேசிங் என்று ஒவ்வொன்றாக நானே வாங்கினேன். விஜிஏ காட், அதாவது மொனிற்றருக்குப் படம் அனுப்புகிற அட்டை, பழைய மெஷினில் இருந்தது. போட்டோடு வந்த புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயரையும் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். பட்டனை அமத்தினால் உங்களுக்கு வந்த அதே பிரச்சினை. ஃபான் சுற்றுகிறது, திரை கறுப்பு.

என் வீட்டுக்காரரும் நானுமாக ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். அங்கே நின்ற பொடியன் பக்கத் தகட்டைத் திறந்தான். றாமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டான். தன்னிடம் இருந்த வேறு றாம் போட்டான். வேறு பவர் சப்ளையும் கொடுத்துப் பார்த்தான். அதுவரைக்கும் நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணை, போட் போட்டுது. வீட்டில பூட்டேக்க ஸ்டற்றிக் (உடம்பில தேங்கிற மின்சாரம்) அடிச்சிருக்கும். வேற போட் போடுறதெண்டா இப்பவே சொல்லுங்கோ, நாளைக்கு இந்த விலைக்குத் தரேலாது."

இவர் பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பிக்கிறவர். மதர்போட் எது, பவர் சப்ளை எது என்று அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வாங்கினது நான், பூட்டினது நான், கடையில் விளக்கம் சொன்னதும் நான். பதில் மட்டும் அவருக்கு. இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

"கேசிங்கால வெளியில எடுத்துப் பாத்தனீங்களோ தம்பி?" என்று கேட்டேன்.

"உது தேவையில்லை அக்கா, நாங்கள் எத்தினையைப் பாத்தனாங்கள்."

நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நேரம் ஒரு போட்டுக்குத் திரும்பக் காசு கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் வைகாசியில் 360ஐத் தொட்டது. அதே பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்கள். கறண்ட் இருக்கிற நேரம் பார்த்துத்தான் எதையும் சோதிக்கலாம்.

இரவு கறண்ட் வந்ததும் தொடங்கினேன். போட் வந்த மட்டைப் பெட்டியை மேசையில் வைத்து அதன்மேல் போட்டை வைத்தேன். (போட்டைச் சுற்றி வருகிற பளபளப்புப் பையின்மேல் வைக்காதீர்கள். அந்தப் பையின் வெளிப்பக்கம் கறண்ட் கடத்தக்கூடும்.) புரொசெசர், அதன் ஃபான், ஒரே ஒரு றாம், விஜிஏ காட், பவர் சப்ளை, அவ்வளவுதான். ஹாட் டிஸ்க் இல்லை, யூஎஸ்பியில் ஒன்றும் இல்லை. கேசிங் பட்டன் இல்லாதபடியால், பவர் சுவிச் வயர் பூட்டுகிற இரண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டேன். ஃபான் சுற்றியது. கொஞ்சம் பொறுத்து மொனிற்றரில் கம்பனிச் சின்னம் வந்து, பயோஸ் (போட்டுக்குள் இருக்கிற தொடக்க மென்பொருள்) திறந்தது. அம்மா குசினிக்குள் இருந்து "உதை விட்டிட்டு வந்து சாப்பிடு பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பசி எங்கே.

போட் நல்லது என்றால் பிழை கேசிங்கில். முதலில் போட்டைத் தாங்குகிற பித்தளைக் கால்களைப் பார்த்தேன். போட்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றாலும் அது அடிப்பக்கத்தில் முட்டி ஷோட் ஆக்கிவிடும். எல்லாக் கால்களும் ஓட்டைக்கு நேரே சரியாக இருந்தன. போட்டை உள்ளே வைத்து, முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்கள் ஒன்றையும் பூட்டாமல் ஸ்குரூ டிரைவரால் தொட்டேன். படம் வந்தது. பவர் சுவிச் வயரைப் பூட்டினேன், வந்தது. விளக்கு வயர்களைப் பூட்டினேன், வந்தது. றீசெற் (மெஷினைத் திரும்பத் தொடக்குகிற பட்டன்) வயரைப் பூட்டினேன். கறுப்பு.

அப்பாவின் பழைய முள் மீற்றர் வீட்டில் இருக்கிறது. தொண்ணூறுகளில் இங்கே கறண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. அந்தக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர்களில் அவரும் ஒருவர். மீற்றரை ஓம்ஸில் வைத்து றீசெற் வயரின் இரண்டு முனையிலும் பிடித்தேன். ஒருவரும் பட்டனைத் தொடவில்லை, முள் நேரே வலக்கரைக்குப் போய்ப் பூச்சியத்தில் நின்றது, அதாவது இரண்டு முனையும் உள்ளே தொட்டபடி இருக்கிறது. கேசிங்கின் முன் மூடியைக் கழற்றினால், றீசெற் பட்டனின் பிளாஸ்டிக் துண்டு தன் ஓட்டைக்குள் இறுகிப்போய் இருக்கிறது. அச்சில் வார்த்தபோது விளிம்பில் விட்ட மெல்லிய பிசிறு ஒன்று அதைத் திரும்பி வரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் பட்டன் கொஞ்சம் உள்ளே போயிருப்பதுகூடத் தெரியவில்லை.

றீசெற் பின் இரண்டும் தொட்டபடியே இருந்தால் புரொசெசர் வேலையைத் தொடங்கவே தொடங்காது. பவர் சப்ளை வேலை செய்யும், ஃபான் சுற்றும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது. பவர் பட்டன் இறுகினால் வேறு மாதிரி: ஓன் ஆகி நாலைந்து செக்கனில் தானாக அணைந்துவிடும். அந்தக் கடைப் பொடியன் றாம் மாற்றினான், பவர் சப்ளை மாற்றினான், அந்த மெல்லிய வயர்களை மட்டும் கழற்றவில்லை. பிளேட்டால் பிசிறைச் சீவிவிட்டேன். இருந்தாலும் றீசெற் வயரை நான் திரும்பப் பூட்டவில்லை, அது இல்லாமலே இன்றுவரை அந்த மெஷினில்தான் வேலை செய்கிறேன்.

கடைக்காரர் எல்லாரையும் நான் கரித்துக் கொட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பொறுமையாகக் கழற்றிப் பார்த்து, பிழை சின்னது என்றால் காசே வாங்காமல் அனுப்புகிற பொடியளும் யாழ்ப்பாண ரவுணில் இருக்கிறார்கள். வீட்டில் பூட்டினது என்றவுடன் பூட்டினவர் தலையில் பழியைப் போடுகிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் மெஷினுக்கு வருவோம். வெளியே எடுக்க முதல் சிலதைப் பார்த்துவிடலாம். புரொசெசருக்கு என்று தனியாக ஒரு வயர் உண்டு. போட்டின் மேல் மூலையில், பெரும்பாலும் எட்டுப் பின். பெரிய 24 பின் வயரை மட்டும் பூட்டி இதை விட்டால், ஃபான் சுற்றும், வேறொன்றும் நடக்காது. மொனிற்றர் வயரை எங்கே செருகியிருக்கிறீர்கள்? புரொசெசர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால், ஐ5-12400எஃப் போல, அதற்குள் படம் காட்டுகிற பகுதி கிடையாது. ரைசன் 5 5600ம் அப்படித்தான், அந்த 5000 வரிசையில் ஜி என்று முடிகிறவற்றில்தான் உண்டு. அப்படியான புரொசெசருக்கு விஜிஏ காட் இல்லாமல் படமே வராது. காட் இருந்தும் போட்டின் எச்டிஎம்ஐயில் வயரைச் செருகினால் விடியும்வரை திரை கறுப்புத்தான். றாம் ஒன்றென்றால், நாலு துளை உள்ள பெரும்பாலான போட்டுகளில் புரொசெசரிலிருந்து இரண்டாவது துளையில் போட வேண்டும், இரண்டென்றால் இரண்டாவதிலும் நான்காவதிலும். இரண்டு முனையையும் நன்றாக அழுத்துங்கள், "டிக்" என்று கேட்க வேண்டும். பலர் பயத்தில் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் வாங்கினது டிடிஆர்5 றாம் போடுகிற புதிய போட் என்றால் இன்னொன்று. முதல்முறை ஓன் பண்ணும்போது அது றாமைப் பரீட்சித்துத் தன்னைச் சரிசெய்து கொள்ளும். சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் அணைத்து அணைத்துப் போட்டால் அது ஒருபோதும் முடியாது. போட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வாருங்கள். பழைய பி450 போட்டில் ரைசன் 5000 வரிசைப் புரொசெசர் போட்டிருந்தால், பயோஸ் பழையதாக இருந்தாலும் படம் வராது. புதிய பயோஸைக் கடையில் ஏற்றுவித்துக்கொள்ளலாம், போட்டை மாற்றத் தேவையில்லை. போட்டின் ஓரத்தில் சிபியு (புரொசெசர்), டிராம் (றாம்), விஜிஏ, பூட் என்று நாலு பொட்டு விளக்கு இருந்தால் எதில் நின்று எரிகிறது என்று பாருங்கள், பிழையை அந்தப் பக்கத்தில் தேடலாம். என் போட்டில் அந்த வசதி இல்லை.

பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவர் சப்ளையோடு சிலவேளை இரண்டு உருண்டை ஊசிப் பிளக் வயர் வருகிறது. அதை எங்கள் 13 அம்பியர் சொக்கற்றுக்குள் போட, மேல் ஓட்டையில் பேனை மூடியைக் குத்திவிட்டு அமத்துகிறார்கள். நான் போகிற வீடுகளிலெல்லாம் பார்க்கிறேன். அதில் ஏர்த் தொடுவதில்லை. கேசிங்கின் இரும்பில் கை பட்டால் சுள்ளென்று பிடிப்பது அதனால்தான். படம் வராததற்கு அது காரணம் இல்லை என்றாலும், கேசிங்கைத் திறந்து கை வைக்க முதல் அந்த வயரை மாற்றுங்கள். மூன்று ஊசி வயர் பெரிய விலை இல்லை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே கறண்ட் தேங்கி நிற்கும்.

எழுத வந்ததோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அந்தப் புது மெஷினில் நான் முதல் திறந்த கோப்பு எங்கள் சனசமூக நிலையத்து ஆண்டறிக்கை. திருத்தித் தரச் சொல்லி அனுப்பினது. திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துமுறையான யுனிகோட்டில் தமிழ் வந்தது 1991இல். இன்னமும் இங்கே அழைப்பிதழ், அறிக்கை, வழக்குப் பத்திரம் எல்லாம் பாமினியிலேயே ஓடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வாசிக்க ஏலாது, தேடினால் ஒரு சொல் அகப்படாது. எங்கள் ஊர்ச் சங்கங்களின் பழைய அறிக்கைகளை நாளைக்கு ஒரு பிள்ளை ஆய்வுக்குத் தேடினால் என்ன செய்யும்? இளம் ஆட்கள் நிலையங்களில் சேரும்போது இதை மாற்றிக் கொடுங்கள். உங்கள் மெஷின் ஓன் ஆனதும் உங்களையும்தான் கேட்கிறேன்.

சரி. மேசையில் வைத்துப் பார்த்தும், றாமை மாற்றி மாற்றிப் போட்டும், போட்டில் இருக்கிற பொத்தான் போன்ற பற்றறியைச் சில நிமிடம் கழற்றி வைத்துப் பூட்டியும் படம் வரவில்லை என்றால், அப்போது கடைக்குக் கொண்டுபோங்கள். போட்டின் பெட்டி, பில், வரண்டிச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். வேறு நல்ல போட் ஒன்றில் உங்கள் புரொசெசரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கே படம் வந்தால்தான் போட்டில் பிழை என்று ஏற்கலாம். புரொசெசர் உட்காரும் சொக்கற்றுக்குள் பின்கள் இருக்கிற போட் என்றால், கையில் கொடுக்க முதல் அவர்கள் முன்னாலேயே அதைப் போனில் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள். பின் வளைந்திருந்தால் வரண்டி இல்லை என்பார்கள். போட்டின் சீரியல் நம்பரையும் றிசீற்றில் எழுதுவித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.