மதுரையைப் பற்றி எழுதும் வலைப்பூவுக்குக் குறிச்சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இது: "மதுரைச் சாப்பாடு, திருவிழா, ஜல்லிக்கட்டு, பழைய இடங்கள் என்று வலைப்பூவில் எழுதிவருகிறேன். ஒவ்வொரு பதிவின் கீழும் பதினைந்து இருபது குறிச்சொற்கள் போடுகிறேன். யாரும் அவற்றை அழுத்துவதாகத் தெரியவில்லை. எத்தனை போடலாம், எதைப் போடலாம்?"

முதல் வேலையாக 'மதுரை' என்ற குறிச்சொல்லை எடுத்துவிடுங்கள்.

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் உங்கள் பதிவுகள் எல்லாமே மதுரையைப் பற்றியவைதானே? அந்தச் சொல்லை ஒருவர் அழுத்தினால் முகப்பில் வரும் அதே வரிசைதான் மறுபடி வரும். மாட்டுத்தாவணியில் நிற்கிற எல்லாப் பேருந்துக்கும் 'மதுரை' என்றே போர்டு மாட்டினால் திருமங்கலம் போகிறவர் எதில் ஏறுவார்? 'தமிழ்நாடு', 'பண்பாடு', 'அனுபவம்', 'பொது' ஆகியவற்றுக்கும் இதே கதிதான். பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் 'மொக்கை' என்று ஒரு குறிச்சொல் பரவலாக இருந்தது. அதுவாவது உள்ளே என்ன கிடைக்கும் என்று நேர்மையாகச் சொன்னது.

இருபது குறிச்சொல் போடும் பழக்கம் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தது. 2007இல் டுவிட்டரில் # அடையாளத்தைப் போட்டுப் பேச்சுகளைச் சேர்க்கலாம் என்று கிறிஸ் மெசினா யோசனை சொன்னார். இந்த மாதிரிச் சமூக வலைத்தளங்களில் ஒரு சொல்லைப் போட்டால், அதே சொல்லைப் போட்ட முன்பின் தெரியாத ஆயிரம் பேருடைய பதிவோடு உங்களுடையதும் சேர்ந்துகொள்ளும். அதனால் நிறையப் போடுவதில் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. வலைப்பூவில் அப்படியில்லை. குறிச்சொல் உங்கள் பதிவைப் பெரும்பாலும் உங்களுடைய இன்னொரு பதிவோடுதான் சேர்க்கும். நீங்கள் ஒரே ஒரு தடவை போட்ட சொல்லை அழுத்தினால், வாசகர் இப்போது படித்து முடித்த அதே பதிவுதான் திரும்ப வரும். ஒருமுறை அப்படி ஏமாந்தவர் அடுத்த தடவை அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோக மாட்டார்.

கூகுளுக்காகப் போடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் ஒளித்து வைக்கும் திறவுச்சொல் பட்டியலைத் தேடல் வரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. நீங்கள் பிளாகரில் எழுதுகிறவர் என்றால் இன்னொன்றும் உண்டு. குறிச்சொல்லுக்கு அங்கே லேபிள் என்று பெயர். அந்த லேபிள் பக்கங்களின் முகவரி '/சர்ச்' என்ற பாதையில் வரும். பிளாகர் தானாகவே வைத்திருக்கும் ரோபோட்ஸ் கோப்பு அந்தப் பாதைக்குள் தேடுபொறிகளை வர வேண்டாம் என்று தடுத்துவைக்கிறது. ஆக, அங்கே லேபிள் முழுக்க முழுக்க மனிதர்களுக்குத்தான். அதுவும் ஒரு பதிவைக் கடைசிவரை படித்து முடித்து, 'இதே மாதிரி இன்னும் இருக்கா?' என்று நினைக்கிற மனிதருக்கு.

அவரை மனத்தில் வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். உதாரணத்துக்கு ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று ராத்திரி தல்லாகுளத்தில் கூட்டத்தில் நின்றீர்கள். சொம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பிச் சூடம் ஏற்றிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தீர்கள். ஒரு மண்டகப்படியில் பானகம் குடித்தீர்கள். விடிகாலையில் தங்கக் குதிரையில் அழகர் வைகையில் இறங்கியதைத் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தீர்கள். இதற்கு வழக்கமாக விழுகிற குறிச்சொற்கள் இப்படித்தான் இருக்கும்: மதுரை, சித்திரை, திருவிழா, அழகர், கள்ளழகர், பெருமாள், வைணவம், வைகை, ஆறு, தங்கக் குதிரை, பச்சைப்பட்டு, தல்லாகுளம், பக்தி, பானகம், கூட்டம், இரவு, அனுபவம்.

இதைப் படித்து முடித்தவர் அடுத்து எதைத் தேடுவார்? போன வருஷம் அழகர் இறங்கியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களா என்று பார்ப்பார். அதற்கு 'அழகர் ஆற்றில் இறங்குதல்' போதும். 'அழகர்', 'கள்ளழகர்', 'பெருமாள்' என்று மூன்று தனியாக வேண்டாம். அழகர்கோவில் மலை, பதினெட்டாம்படிக் கருப்பசாமி, நூபுர கங்கை என்று நீங்கள் வேறு பதிவுகளும் எழுதியிருந்தால் மட்டும் 'அழகர்கோவில்' என்று இன்னொன்று. மண்டகப்படிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதும் எண்ணம் இருந்தால் 'மண்டகப்படி'யும் வைக்கலாம். அது நல்ல குறிச்சொல். எந்த மண்டகப்படி யாருடையது, அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்பதை ஒரே இடத்தில் படிக்க ஆசைப்படும் ஊர்க்காரர்கள் நிறைய உண்டு. அவ்வளவுதான், இரண்டு அல்லது மூன்று.

'வைகை'யை இந்தப் பதிவுக்குப் போட மாட்டேன். ஆற்றில் நடந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் 'வைகை'யை அழுத்துகிறவர் தண்ணீரைத் தேடி வருகிறவர். அணை, ஆற்றில் கலக்கும் கழிவுநீர், ஆகாயத்தாமரை, வறண்ட மணல், யானைக்கல் தரைப்பாலம் இவற்றைப் பற்றியவை அங்கே இருக்கட்டும். இதில் வைகை எக்ஸ்பிரஸ் பயணத்தையும் சேர்த்துவிட்டால் அந்தப் பக்கம் எதற்கும் உதவாது.

இந்தக் குழப்பம் மற்ற ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு வராது, நமக்குத்தான் வரும். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதங்களாகவே வீதிகள். 'சித்திரை' என்று மட்டும் ஒரு குறிச்சொல் வைத்தால் வெயில் மாதம், மீனாட்சி கல்யாணம், மேலச் சித்திரை வீதியில் வளையல் வாங்கியது மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். போதாக்குறைக்கு, சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். 'மாசி' என்று போட்டால் மாதமா, வீதியா, குழம்பில் போடும் மாசிக் கருவாடா? 'ஆவணி மூலம்' என்றால் புட்டுத் திருவிழாவா, நகைக்கடைத் தெருவா? அதனால் மாதப் பெயரைத் தனியாக ஒருபோதும் குறிச்சொல் ஆக்காதீர்கள். 'சித்திரைத் திருவிழா', 'மாசி வீதிகள்', 'ஆவணி மூலத் திருவிழா' என்று முழுசாக எழுதுங்கள். நான்கு திசைக்கும் நான்கு மாசி வீதி என்று பிரிக்க வேண்டியதில்லை. பலசரக்கு மொத்த வியாபாரத்தைப் பற்றி மட்டும் ஏழெட்டுப் பதிவு எழுதினால் 'கீழ மாசி வீதி'யைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஜல்லிக்கட்டுக்கு வருவோம். இங்கே ஒரே சொல்லில் மூன்று வகை வாசகர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று களத்தில் நடந்ததைப் படிக்க வருகிறவர் ஒருவர். அவருக்கு ஊர்ப் பெயர்தான் குறிச்சொல். வருஷா வருஷம் எழுதுவீர்கள், தானாகவே பதிவுகள் சேரும். இரண்டாமவர் மாடு வளர்ப்பவர். புலிக்குளம் காளை, தீவனம், நீச்சல் பயிற்சி, மண் குத்தப் பழக்குவது இதெல்லாம்தான் அவருக்கு வேண்டும். 'காளை வளர்ப்பு' என்று ஒன்று வையுங்கள். மூன்றாமவர் சட்டம் பார்க்கிறவர்: 2014இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017இல் போராட்டமும் தமிழ்நாட்டின் சட்டத்திருத்தமும், 2023இல் அந்தத் திருத்தம் செல்லும் என்ற தீர்ப்பு. அவருக்கு 'ஜல்லிக்கட்டு வழக்கு'. மூன்றையும் 'ஜல்லிக்கட்டு' என்ற ஒன்றுக்குள் போட்டால், காளைக்கு என்ன தீவனம் என்று பார்க்க வந்தவர் தீர்ப்பின் பத்திகளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அப்புறம் மஞ்சுவிரட்டை இதற்குள் சேர்க்காதீர்கள். சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமாகவே.

எந்தச் சொல் வடிவத்தை எடுப்பது என்பதில்தான் தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனித் தலைவலி. கோயிலா கோவிலா? பரோட்டாவா புரோட்டாவா? 'சித்திரைத் திருவிழா'வா, ஒற்று இல்லாமல் 'சித்திரை திருவிழா'வா? 'மதுரை மல்லி'யா, 'மதுரைமல்லி'யா, 'மதுரை மல்லிகை'யா? மென்பொருளுக்கு இவை வேறு வேறு. மல்லிகைப் பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பதிவு ஒன்றிலும், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் விலை இன்னொன்றிலும், நிலக்கோட்டைத் தோட்டம் மூன்றாவதிலுமாக, ஒன்றை ஒன்று அறியாமல் கிடக்கும். இலக்கணப்படி எது சரி என்ற வாதத்தை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிடித்து அதையே போடுங்கள். நான் ஒற்று போடுவேன். குறிச்சொல்லை வாசகர் தட்டச்சு செய்யப் போவதில்லை, பார்த்து அழுத்தத்தான் போகிறார். பார்க்கச் சரியாக இருந்தால் போதும். பதிவு எழுதும் பெட்டியில் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் பழைய குறிச்சொற்கள் கீழே வரும். அதிலிருந்து எடுக்கப் பழகினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இன்னொன்று, வேற்றுமை உருபு ஒட்டாத சொல்லாக இருக்கட்டும். 'அலங்காநல்லூரில்' என்று ஒன்றும் 'அலங்காநல்லூர்' என்று இன்னொன்றும் ஒரே வலைப்பூவில் இருப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

ஒரே விஷயத்துக்கு ஊரார் ஒரு பெயரும் புத்தகம் ஒரு பெயரும் வைத்திருந்தால் நான் ஊரார் பக்கம். 'ஏறுதழுவுதல்' அழகான சொல்தான், ஆனால் அவனியாபுரத்தில் யாரும் அப்படிக் கேட்டு வரமாட்டார்கள். சந்தேகம் வந்தால் கூகுள் சர்ச் கன்சோலில் எந்தச் சொற்களைத் தட்டி உங்கள் பக்கத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள். அதற்காக ஆங்கில எழுத்தில் தனிக் குறிச்சொல் போட வேண்டாம். அவர்கள் எந்தச் சொல்லை நினைத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது.

இடத்தின் பெயரிலும் இதே கணக்கு. கீழடி மதுரையிலிருந்து கூப்பிடு தூரம், ஆனால் இருப்பது சிவகங்கை மாவட்டத்தில். வரைபடப்படி 'சிவகங்கை மாவட்டம்' என்று போடுவது சரிதான். படிக்கிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. 'கீழடி' என்று ஒன்று, மாங்குளம், சமணர் மலை, யானைமலை பற்றியும் எழுதினால் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் 'தமிழிக் கல்வெட்டுகள்', 'சமணர் குகைகள்' போல ஒன்று. 2015இல் தொடங்கிய அகழாய்வைப் பற்றிப் படித்தவர் அடுத்து மாங்குளத்துக்குப் போவார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கா போவார்?

வருஷத்தையும் குறிச்சொல் ஆக்க வேண்டாம், தலைப்பிலேயே எழுதுங்கள். மக்கள் இல்லாமல் சித்திரைத் திருவிழா நடந்த 2020க்கும் இதேதான். ஊரடங்கு காலத்தைப் பற்றி நான்கைந்து எழுதியிருந்தால் 'ஊரடங்கு' என்று வைக்கலாம், '2020' என்று வேண்டாம்.

எது விட்டுப்போனது என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் ஒரு நூலின் பொருளை ஐந்து பக்கமாகப் பிரித்தார். நம் வேலைக்கு அதை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன்: எது, எதனால் ஆனது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. சுங்குடிச் சேலைப் பதிவு என்றால்: சுங்குடி, பருத்தி, முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பது, எழுதியது எந்தத் தெருவில், எந்தக் காலத்தைப் பற்றி. ஐந்துக்கும் குறிச்சொல் போட வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் உங்களிடம் வேறு பதிவுகள் இருக்கின்றனவோ அதற்கு மட்டும். எண்ணிக்கையில் பிடிவாதம் வேண்டாம், பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்துக்குள் முடிந்துவிடும். வேர்ட்பிரஸ் டாட் காமில் எழுதினால், வகையும் குறிச்சொல்லும் சேர்த்துப் பதினைந்தைத் தாண்டிய பதிவுகளை, பலருடைய வலைப்பூக்களையும் சேர்த்துக் காட்டும் அவர்களுடைய வாசிப்புப் பட்டியலில் (ரீடர்) காட்டுவதில்லை. அதற்கு மேல் போனால் நட்டம்தான்.

வேர்ட்பிரஸ்காரர்களுக்கு மட்டும் இன்னொரு சங்கதி. குறிச்சொல் பக்கத்தின் முகவரி தானாக உருவாகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எழுத்துமாக ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்ளும். 'கோ'வில் க ஒன்று, துணை எழுத்து ஒன்று, ஆக பதினெட்டு. முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். 'மீனாட்சி அம்மன் கோயில் சித்திரைத் திருவிழா' என்று போட்டால் 'மீனாட்சி அம்மன் கோயில் ச' என்பதோடு நின்றுவிடும். 'மீனாட்சி அம்மன் கோயில் சிற்பங்கள்' என்று இன்னொன்று போட்டால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, பின்னால் ஓர் எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பெயரைத் தமிழில் வைத்துக்கொண்டு, முகவரிப் பெட்டியில் சின்னதாக ஆங்கில எழுத்தில் ஒன்றை நீங்களே அடித்துவிடுங்கள். வாட்ஸப்பில் பகிரும்போதும் ஒரு முழ நீளத்துக்கு எண்ணும் எழுத்துமாக விழாது. ஆனால் இதை முதலிலேயே செய்யுங்கள். பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும், குறிச்சொல்லின் முகவரிக்கு அந்த வசதி கிடையாது.

பழைய பதிவுகளை எல்லாம் உட்கார்ந்து திருத்த வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். புள்ளிவிவரப் பக்கத்தில் இன்றைக்கும் ஆட்கள் வந்து படிக்கிற பதிவுகள் எவை என்று பாருங்கள். பெரும்பாலும் சாப்பாடும் திருவிழாவுமாகத்தான் இருக்கும். முதலில் அவற்றின் கீழே இருப்பதை மட்டும் சரிசெய்யுங்கள். பிளாகரில் பதிவுப் பட்டியலில் வேண்டியவற்றைத் தேர்வு செய்து, புது லேபிளை மொத்தமாகப் போட்டுவிட்டு, அதே முறையில் பழையதை எடுத்துவிடலாம். ஒரு பதிவுக்கு மட்டுமே இருக்கும் குறிச்சொற்களை அழித்துவிடுங்கள், 'பருத்திப்பால்' போல அடுத்த மாதம் நிச்சயம் இன்னொன்று எழுதப்போகிறவற்றைத் தவிர.